‘சார்ஜ்’ என்ற ஒரு சொல்லும் நமது நீதிமன்றச் செய்திகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் அண்மையில் ஒரே நாளில் வெளியான மூன்று செய்திகள் இக்கடிதத்தை எழுதத் தூண்டின. பொதுக்கூட்டம் ஒன்றில் ஒரு கட்சியினர் இன்னொரு கட்சியினர் மீது ஊழல் குற்றச்சாட்டு கூறினார்கள் என்பது முதல் செய்தி. ஊராட்சிச் செயலர் ஒருவர் மீது துறை ரீதியாகக் குற்றச்சாட்டு பதிவானது என்பது இரண்டாவது. அடிதடி வழக்கு ஒன்றில் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) மீது நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்தது என்பது மூன்றாவது. ஒலிபெருக்கியின் முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி பேசியதும், அலுவலகத்தில் ஒருவர் கையில் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்கிய தாளும், ஆவணங்களையெல்லாம் படித்துப் பார்த்த நீதிபதி எதிரிகளை நிறுத்தி வாசித்துக் காட்டிய வாசகமும் ஒரே சொல்லில் அடங்கிப்போயின. இம்மூன்றுக்கும் ஆங்கில ஏடுகள் ‘சார்ஜ்’ என்ற ஒரே சொல்லைப் போடுகின்றன. அதைப் பார்த்து நாமும் ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம் என்பது என் எண்ணம். வருவாய்த்துறையில் எழுத்தராகச் சேர்ந்து தலைமையிடத்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தச் சொல்லோடு பல காலம் குடித்தனம் நடத்திய அனுபவம் எனக்கு உண்டு.

ஆங்கில அகராதியைத் திறந்தால் ‘சார்ஜ்’ என்பதற்குப் பொருள்கள் பத்தி பத்தியாக நீளும். கட்டணம், பொறுப்பு, மின்னூட்டம், குற்றச்சாட்டு, துப்பாக்கிக்குள் திணிக்கும் மருந்து, எதிரிப் படை மீது பாய்தல், சொத்தின் மீது ஏறி நிற்கும் கடன் எனப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவையனைத்தும் ஒரு வண்டியிலிருந்து இறங்கியவை. இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த பழைய ‘கால்’ (Gaul) நாட்டினரின் வண்டியைக் குறித்த சொல்லை ரோமானியர் ‘கார்ருஸ்’ என்று எடுத்துக்கொண்டனர். வண்டியில் பாரம் ஏற்றுவது பிற்கால லத்தீனில் ‘கார்ரிகாரே’ ஆயிற்று. அது பிரெஞ்சில் ‘ஷார்ஜே’ எனத் திரிந்து, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்ததைத் தொடர்ந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கார், கேரி, கார்கோ ஆகியவையும் அந்த வண்டியின் வழிவந்தவையே. தாங்கள் வெளியிடும் கேலிச்சித்திரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘கேரிகேச்சர்’ என்ற பெயர்கூட, அளவுக்கு மீறி ஏற்றுவது என்ற பொருளில் இத்தாலிய மொழி வழியாக இதே வேரிலிருந்து வந்ததுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்களைக் கேட்டால் இதை இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். கப்பலில் சரக்கு ஏற்றவும், துப்பாக்கியில் மருந்து ஏற்றவும், கைப்பேசியில் மின்சாரம் ஏற்றவும் அந்த மொழியில் ஷார்ஜே என்ற ஒரே வினைதான். வீட்டு வாடகையோடு சேர்த்துக் கட்ட வேண்டிய தண்ணீர், பராமரிப்புச் செலவுகளுக்கும் ‘ஷார்ஜ்’ என்றே பெயர். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சொல்லும் சாட்சியையும் அந்தச் சொல்லை வைத்தே குறிப்பார்கள். ஆக, எங்கே பார்த்தாலும் பாரம். பேட்டரி மீது மின்பாரம், அலுவலர் மீது வேலைப்பாரம், எதிரி மீது பழிப்பாரம், வாங்குபவர் மீது செலவுப்பாரம். படை பாய்வதுகூட, பளுவை முழுவதும் எதிரி மீது சாய்ப்பதுதான்.

தமிழுக்கு இது புதிதன்று. வரியைச் சுமத்துகிறோம், பழியைச் சுமத்துகிறோம், வேலையைச் சுமத்துகிறோம். பொறுத்தல் என்றால் தாங்குதல். அதிலிருந்து வந்ததே பொறுப்பு. எனவே மூலக் கருத்து இரு மொழிகளுக்கும் பொது. ஆனால் பயன்பாட்டில் நம்மவர்கள் வேறு வழியில் போனார்கள். காவலர்கள் தடியோடு கூட்டத்தின் மீது பாய்ந்த ‘லத்தி சார்ஜை’ அக்காலச் செய்தியாளர்கள் அப்படியே பெயர்த்துத் ‘தடிப்பாய்ச்சல்’ என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை, தடியடி என்றார்கள். அடி வாங்கியவர்களின் பக்கம் நின்று வைத்த பெயர் அது என்றே எனக்குப் படுகிறது. பள்ளிப் பாடநூல் இங்கே மின்னூட்டம் என்றும், இலங்கையில் ஏற்றம் என்றும் எழுதிக்கொண்டது. கூட்டுறவுச் சங்கச் செயலர் பணத்தைக் கையாடினால் அவர் தலையில் ஏற்றி வசூலிக்கும் சர்சார்ஜுக்குத் தண்டத்தீர்வை என்றும், அதே சர்சார்ஜ் வருமான வரியின் மேல் ஏறும்போது கூடுதல் வரி என்றும் பிரித்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆங்கிலச் சொல்லைக் கண்டால் அடிக்க ஓடுபவன் அல்லன். ‘போனில் சார்ஜ் இல்லை’ என்று பேத்தி சொன்னால், ‘மின்னூட்டம் தீர்ந்துவிட்டது என்று சொல்’ எனத் திருத்திக்கொண்டிருக்க எனக்குப் பொழுதும் இல்லை, விருப்பமும் இல்லை. பஸ் சார்ஜ் என்பதை ஆங்கிலேயரே அப்படிச் சொல்வதில்லை என்றாலும், அது நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். பேச்சில் இச்சொல் யாரையும் ஏமாற்றுவதில்லை, ஏனெனில் பக்கத்தில் நிற்கும் பஸ்ஸும் போனும் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. அச்சில் ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அதன் எல்லாப் பொருளுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை வைக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

முதலில் பொறுப்பு. அரசு அலுவலகத்தில் ‘சார்ஜ் எடுப்பது’ என்பது நாற்காலியில் உட்கார்ந்து பூங்கொத்து வாங்குவது என்று படம் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கணக்கு ஒப்படைப்பு. போகிறவர் பீரோச் சாவியையும், ரொக்கப் பதிவேட்டையும், தபால்தலைக் கணக்கையும், இருப்புப் பதிவேட்டையும் முன்னால் வைப்பார். வருகிறவர் ரொக்கத்தை எண்ணிப் பார்த்து, பதிவேட்டில் உள்ள இருப்போடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பார். பிறகு சி.டி.சி. என்று நாங்கள் அழைத்த பொறுப்பு மாற்றுச் சான்றில் ஒப்படைத்தவர், ஏற்றவர் என இருவரும் கையொப்பமிடுவார்கள். தேதிக்கு அருகில் முற்பகல் அல்லது பிற்பகல் என்று கட்டாயம் எழுத வேண்டும். அந்த ஒரு சொல்லில்தான் அன்றைய நாள் ஊதியம் யாருக்கு, அன்று மாலை காணாமல்போன கோப்புக்கு யார் பதில் சொல்வது என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது. ஓய்வு பெறுகிறவர் மாதக் கடைசி நாள் பிற்பகலில் பொறுப்பை ஒப்படைப்பதும் இந்தக் கணக்குக்காகவே.

இப்படிப் பொறுப்பு ஏற்பவர் ஒருவகை. தம் பணியிடத்தை விடாமல் காலியாகிப்போன இன்னொரு பணியிடத்தையும் பார்ப்பவர் வேறு. அவருக்குக் கொடுப்பது முழுக் கூடுதல் பொறுப்பு. ‘வட்டாட்சியர் (பொறுப்பு)’ என்று பலகையில் எழுதியிருந்தால் இவர் நிலையானவர் அல்லர் என்று பொருள். ‘வட்டாட்சியர் பொறுப்பேற்றார்’ என்றால் நிலையானவர் வந்துவிட்டார் என்று பொருள். ஒரே சொல், இரண்டு எதிர்த் திசைகள். இதோடு ‘கூடுதல் ஆட்சியர்’ என்ற தனிப் பதவியும் இருப்பதால், ‘கூடுதல் பொறுப்பு ஆட்சியர்’ என்று செய்தியில் படிப்பவர் யாரைப் பார்க்கப் போவது என்று மஞ்சக்குப்பத்து ஆட்சியர் அலுவலக வாசலில் விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். புதுச்சேரி வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் தெலங்கானா ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் புதுச்சேரித் துணைநிலை ஆளுநர் பதவியைக் கூடுதல் பொறுப்பாக ஏற்றார். 2024 மார்ச்சில் ஜார்கண்ட் ஆளுநராக இருந்த சி.பி.ராதாகிருஷ்ணன் அதே கூடுதல் பொறுப்பில் வந்தார். 2024 ஆகஸ்டில் கே.கைலாஷ்நாதன் பதவியேற்கும் வரை மூன்றாண்டுகளுக்கும் மேலாக அந்தப் பதவி இன்னொருவரின் கூடுதல் சுமையாகவே இருந்தது. அக்காலத்தில் தங்கள் செய்தியாளர்கள் கூடுதல் பொறுப்பு என்பதைத் தவறாமல் குறிப்பிட்டு எழுதினார்கள். ஆகவே கவனம் இருந்தால் முடியும் என்பதற்கு வெளியில் சான்று தேட வேண்டியதில்லை.

அந்தக் கவனம் குற்றச் செய்திகளில் இல்லை என்பதே என் குறை.

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு வழங்கும் ‘சார்ஜ் மெமோ’ என்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ), 17(ஆ) என்று இரு வகை. அலுவலகப் பேச்சில் செவன்டீன் ஏ, செவன்டீன் பி. முன்னது கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கு வழி வைப்பது. பின்னது விசாரணை அலுவலரை வைத்து விசாரித்து, பதவியிறக்கம், பணிநீக்கம் வரை போகக்கூடியது. எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால் அங்கே மத்திய அரசின் 1965ஆம் ஆண்டு விதிகள். விதி 16 சிறியது, விதி 14 பெரியது. இரண்டிலும் குறிப்பாணை என்பது ஒரு கேள்வித்தாள் மட்டுமே. இன்ன நாளில் இன்ன கடமையைச் செய்யத் தவறியதாகத் தெரிகிறது, உம் விளக்கம் என்ன என்று கேட்கிறது. விளக்கம் ஏற்கப்பட்டால் அத்தோடு முடிந்தது. இதில் காவல்துறையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை.

எங்கள் வட்டத்தில் பணிபுரிந்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவருக்கு, பயிர்ச் சேதக் கணக்கெடுப்பை உரிய நாளில் அனுப்பவில்லை என்று 17(ஆ) குறிப்பாணை வழங்கப்பட்டது. மறுநாள் நாளிதழ் ஒன்றில் அவர் பெயரோடு ‘குற்றச்சாட்டு பதிவு’ என்ற தலைப்பில் நான்கு வரிச் செய்தி. அவருடைய மகளுக்குப் பேசி முடிக்கும் நிலையில் இருந்த மாப்பிள்ளை வீட்டார், வழக்கு எந்தக் காவல் நிலையத்தில் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். குறிப்பாணையை எடுத்துக் காட்டிய பிறகும் அவர்கள் மனம் சமாதானமாகவில்லை. அச்சில் வந்தது பொய்யாகுமா என்பதே அவர்கள் கேள்வி. விசாரணையில் வெள்ள நாட்களில் கிராமத்துக்குச் சாலையே இல்லை என்பது தெரியவந்து நடவடிக்கை கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதற்கு நான்கு வரி எந்த ஏட்டிலும் வரவில்லை.

நீதிமன்றத்துக்கு வருவோம். புலன்விசாரணை முடிந்ததும் காவல்துறை அளிப்பதை நாம் ‘குற்றப்பத்திரிகை’ என்கிறோம். சார்ஜ் ஷீட் என்பதன் தமிழ். சட்டத்தின் வாசகத்தில் அது காவல் அறிக்கை மட்டுமே. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 173ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193ஆம் பிரிவு. வழக்கின் தன்மைக்கு ஏற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் அதைத் தாக்கல் செய்யாவிட்டால் காவலில் இருப்பவர் பிணை கேட்கும் உரிமை பெறுகிறார். அது காவல்துறையின் கருத்து. நீதிபதியின் கருத்து அன்று. அதைப் படித்து, இரு தரப்பையும் கேட்டு, வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கிறது என்று கண்டால் நீதிபதியே எழுதுவதுதான் சட்டப்படியான ‘சார்ஜ்’. அமர்வு நீதிமன்ற வழக்கானால் புதிய சட்டத்தில் 251ஆம் பிரிவு. குற்றவியல் நடுவர் விசாரிக்கும், இரண்டாண்டுக்கு மேல் சிறைத் தண்டனைக்குரிய வழக்கானால் 263ஆம் பிரிவு. எந்தச் சட்டப் பிரிவில், எந்த நாளில், எந்த இடத்தில், யாருக்கு எதிராகச் செய்த குற்றம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை எதிரிக்குப் படித்துக் காட்டி விளக்கி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். மறுத்தால் அதன் பிறகே சாட்சி விசாரணை.

இதற்கு நம் நீதிமன்றங்களில் குமாஸ்தாக்களும் வழக்கறிஞர்களும் அன்றாடம் புழங்கும் தமிழ்ச் சொல் இருக்கிறது. ‘குற்றச்சாட்டு வனையப்பட்டது’ என்பார்கள். குயவர் வனைவது போல் நீதிபதி வடிவம் கொடுக்கிறார் என்று அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர் எவரோ நினைத்திருக்கிறார். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் காதில் விழும் இச்சொல் செய்தித்தாளுக்கு வரும் வழியில் ‘பதிவு’ ஆகிவிடுகிறது. பதிவு என்பது காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு உரிய சொல். ஆகவே ‘குற்றச்சாட்டு பதிவு’ என்று படிக்கும் வாசகர், வழக்கு இப்போதுதான் தொடங்குகிறது போலும் என்றோ, நீதிபதியே இவரைக் குற்றவாளி எனச் சொல்லிவிட்டார் போலும் என்றோ எண்ணிக்கொள்கிறார். இரண்டும் தவறு.

இன்னும் பெரிய குழப்பம் ‘டிஸ்சார்ஜ்’ என்பதில். ஏற்றிய பாரத்தை இறக்குவது டிஸ்சார்ஜ். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் முன்பெல்லாம் பெரிய கப்பல்கள் கரைக்கு வர ஆழம் போதாமல் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகுகளில் சரக்கை ஏற்றி இறக்கிக் கரை சேர்ப்பார்கள். அங்கே அச்சொல்லின் பழைய பொருள் கண்ணுக்குத் தெரியும். ஜிப்மரில் ‘நாளைக்கு டிஸ்சார்ஜ்’ என்று மருத்துவர் சொன்னால் வீடு திரும்புகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். தென்பெண்ணைக் கரையில் உள்ளவர்களுக்கு அதே சொல் வேறு மாதிரி ஒலிக்கும். 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டபோது, கடலூரின் கரையோர ஊர்களும் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியும் என்ன ஆயின என்பதைத் தங்கள் பக்கங்களிலேயே படித்தோம். உபரிநீர் வெளியேற்றத்தையும் பாசனத்துக்காக நீர் திறப்பதையும் சில செய்திகள் ‘தண்ணீர் திறப்பு’ என்று ஒன்றாகவே எழுதிவிடுகின்றன. முன்னதைப் படிப்பவர் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்ட வேண்டும். பின்னதைப் படிப்பவர் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். இது சார்ஜிலிருந்து சற்று விலகல்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீதிமன்ற டிஸ்சார்ஜ் என்பது, காவல் அறிக்கையில் முகாந்திரமே இல்லை என்று கண்டு, குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே எதிரியை வழக்கிலிருந்து அனுப்பிவிடுவது. புதிய சட்டத்தில் 250, 262 ஆகிய பிரிவுகள். தமிழில் விடுவிப்பு. சாட்சிகளை எல்லாம் விசாரித்த பின் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளிப்பது விடுதலை. வேறுபாடு வெறும் சொல்லளவில் நிற்பதில்லை. விடுதலை பெற்றவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்கக் கூடாது என்று 337ஆம் பிரிவு தடுக்கிறது. விடுவிப்பு என்பது விடுதலை ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதாவது விடுவிக்கப்பட்டவர் மீது பின்னால் புதிய சான்று கிடைத்தால் வழக்கு திரும்பவும் வரலாம். தங்கள் ஏட்டில் மட்டுமன்றி ஏறக்குறைய எல்லா ஏடுகளிலும் இரண்டுக்கும் ‘விடுதலை’ என்றே தலைப்பு வருகிறது. சிறைத் தண்டனை முடிந்து வெளியே வருகிறவருக்கும் அதே ‘விடுதலை’. வழக்கு நடத்தவே முகாந்திரம் இல்லை என்று நீதிமன்றம் கண்டவர், முகாந்திரம் கண்டு விசாரித்தும் குற்றம் நிரூபணமாகாதவர், நிரூபணமாகித் தண்டனையை அனுபவித்து முடித்தவர் என மூவரும் வாசகர் கண்ணுக்கு ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் துணை ஆசிரியர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதை நான் அறிவேன். தலைப்புக்கு இடம் போதாது என்பதையும் அறிவேன். ஆனால் விடுவிப்பு என்பதில் விடுதலையைவிட ஓர் எழுத்துதான் கூடுதல். மேடைப் பேச்சுக்கு ‘குற்றம் சாட்டினார்’ என்றோ ‘புகார் கூறினார்’ என்றோ வினையாக எழுதினால் போதும்; யார் சொன்னது என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். துறை நடவடிக்கைக்குக் குறிப்பாணை என்று எழுதலாம். பத்தாம் வகுப்பு படித்த எவருக்கும் அது புரியும். காவல்துறை தாக்கல் செய்வதற்குக் குற்றப்பத்திரிகை என்ற சொல் ஊன்றிவிட்டது. அதை மாற்ற வேண்டாம், ஆனால் ‘காவல்துறை தாக்கல் செய்த’ என்ற அடைமொழியை விட்டுவிடவும் வேண்டாம். நீதிபதி செய்வதற்கு வனைதல் என்ற சொல் பழக்கமில்லை என்று தோன்றினால், முதல் சில செய்திகளில் ‘சாட்சி விசாரணை இனி தொடங்கும்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தால் வாசகர் தாமே பிடித்துக்கொள்வார். தடியடியைப் பழக்கியது செய்தித்தாள்தான் என்பதை நினைத்தால் இது இயலாத வேலை அன்று.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. குறிப்பாணை வழங்கியதைப் பெயரோடு வெளியிடும்போது, அந்த நடவடிக்கை என்ன ஆயிற்று என்பதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடும் வழக்கத்தைத் தங்கள் நாளிதழாவது தொடங்க வேண்டும். இறுதி ஆணையின் நகல் சம்பந்தப்பட்ட ஊழியரின் கையிலேயே இருக்கும். அவர் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளுமாறு தங்கள் கடலூர், புதுச்சேரி அலுவலகங்களுக்குச் சொல்லிவைத்தால் போதும்.

இங்ஙனம்,
வருவாய்த்துறை ஓய்வூதியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.